கம்பி முனையில் கவிழ்த்த பாட்டில்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 40. இருபது ஆண்டுகளாகக் கம்பி கட்டும் வேலை. அம்மா அதே மேஸ்திரியிடம் சித்தாள். சென்னைப் புறநகரில் எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருவருக்கும் வேலை. 2025 ஆகஸ்டில் ஒரு மாலை, இரண்டு டிரம்களின்மேல் போட்ட பலகையில் நின்றபடி அப்பா தூணுக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்தார். பலகை புரண்டு பின்பக்கமாக விழுந்தார். ஐந்தடி உயரம்தான். ஆனால் கீழே, அடுத்த தூணுக்காக விட்டிருந்த கம்பிகள் இரண்டரை அடிக்கு நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்று தொடையின் பின்புறம் ஏறிவிட்டது. உடனிருந்தவர்கள் பதறிப்போய் ஆளைத் தூக்கிக் கம்பியிலிருந்து உருவி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. காயமும் ஆறிவிட்டது. ஆனால் நரம்பு சேதமானதால் வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. காலை இழுத்து இழுத்து நடக்கிறார்.

"தளத்தில் விழுந்ததாகச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், எல்லோருக்கும் வேலை போகும்" என்று மேஸ்திரி மன்றாடியதால், வீட்டு மாடிப்படியில் விழுந்து கம்பி குத்தியதாக மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் 20,000 ரூபாய் அனுப்பினார். இப்போது இன்னும் 75,000 தருகிறேன், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். "அவர் மேஸ்திரியின் ஆள், எனக்குச் சம்பந்தமில்லை, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஏறியது அவர் தப்பு" என்றும் சொல்கிறாராம். அப்பாவோ தை பிறந்ததும் வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறார். விபத்துக்குப் பிறகு தளத்தில் கம்பி முனைகள் எல்லாவற்றிலும் காலித் தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்திருக்கிறார்களாம். அம்மா படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அம்மாவின் காலிலும் கையிலும் கலவை பட்ட புண்கள். "பொய் சொன்ன பிறகு எங்களுக்கு உரிமை இருக்கிறதா? பணத்தை வாங்கிக்கொள்ளலாமா? இனி அந்த இடம் பாதுகாப்பானதுதானா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

வழக்கறிஞர் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். சட்டம் படிக்கப் போவதற்கு முன் நான்கு ஆண்டுகள் தளப் பொறியாளராக வெயிலில் நின்றவன் நான். அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் அவசரமான ஒன்று: அந்த முத்திரைத்தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். வாங்கிய 20,000 ரூபாயைத் திருப்பித் தரவும் வேண்டாம். மருத்துவச் செலவுக்காக முதலாளி கொடுக்கும் பணம் இழப்பீட்டுக் கணக்கில் கழிபடாது என்று சட்டமே சொல்கிறது.

தெரியாமல் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் செல்லாத தாளை வைத்துக்கொண்டும் ஒரு வழக்கை இரண்டு ஆண்டு இழுக்கலாம். அதற்கு வழிவிடாதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதைக் காட்டி, பழைய சட்டம் போய்விட்டது என்று யாராவது உங்களைக் குழப்பக்கூடும். அப்பாவின் உரிமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படிதான் அதைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். அப்பாவின் மாத வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 15,000 ரூபாய்க்குமேல் கணக்கில் வராது. 2020 ஜனவரியில் நிர்ணயித்த உச்சவரம்பு அது. அதில் 60 விழுக்காடு 9,000. நாற்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது உழைத்துச் சம்பாதிக்கும் திறன் முழுவதும் போனவருக்கான தொகை. 30 விழுக்காடு போனதாகத் தீர்மானித்தால் 4,97,259 ரூபாய். இவை தவிர, சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவைத் தனியாகக் கேட்கலாம். படுத்திருந்த காலத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியின் கால் பங்கு கேட்கலாம். பின்னால் வரும் மொத்தத் தொகையில் இது மட்டும் கழிபடும். கொடுக்கவேண்டியதை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் அபராதமும் சேரும். இழப்பீட்டில் பாதிவரை போகலாம். 75,000 ரூபாயை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

விழுக்காட்டை யார் தீர்மானிப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மருத்துவர் 'கால் ஊனம் 25 விழுக்காடு' என்று எழுதுவது உடலைப் பற்றிய கணக்கு. சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. இரண்டும் ஒன்றல்ல. ஒரு தச்சர் திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு முழு இழப்பே என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கில் தீர்ப்பளித்தது. பாதத்தைத் தூக்க முடியாதவர் தூணில் வளையத்தை மிதித்து ஏற முடியுமா, கம்பி வலையின்மேல் நடக்க முடியுமா என்பதை மருத்துவச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம்தான் வரும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். அப்பாவின் கூலியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா? இருந்தால் இந்த வழி அடைபடும். அங்கே ஊனப் பலனாக மாதந்தோறும் தொகை கேட்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் கம்பி கட்டுபவரை அதில் சேர்ப்பதே இல்லை என்பது என் அனுபவம்.

மருத்துவமனையில் சொன்ன பொய்

இந்த இடத்தை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன், வரிகள் கோணிப்போயிருக்கின்றன. அந்தப் பொய் உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்தும், கொன்றுவிடாது. ரத்தம் வழிய ஆளை ஏந்திக்கொண்டு நின்றவர்களிடம் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. இந்த மாதிரிப் பதிவுகளை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு இது புதிதும் அல்ல.

இனி உண்மையை எழுத்தில் கொண்டுவாருங்கள். தளம் எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறதோ அங்கே அப்பா ஒரு மனு கொடுக்கட்டும். என்ன நடந்தது, மருத்துவமனையில் ஏன் மாற்றிச் சொன்னோம், யார் சொல்லச் சொன்னார் என்பதை நேராக எழுதி, மனு ஏற்பு ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். மருத்துவமனையிலிருந்து விபத்துப் பதிவேட்டு நகலையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். காயத்தைக் கழுவும்போது சிமென்ட் துகள் எடுத்ததாக ஒரு வரி இருந்தால் அது பொன்னான வரி. மாடிப்படியில் சிமென்ட் கலவை இருக்காது. மேஸ்திரியின் வருகை நோட்டில் அந்த நாளுக்கு உரிய பக்கம், வாரக் கூலி கைப்பேசியில் வந்த விவரம், அன்று உடனிருந்த இருவரின் வாக்குமூலம் எல்லாமே சான்றுகள். அம்மாவே நேரில் பார்த்த சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அந்த 20,000 ரூபாய் யாருடைய கணக்கிலிருந்து வந்தது? தன் வீட்டு மாடிப்படியில் விழுந்த, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு ஒப்பந்தக்காரர் எதற்காகப் பணம் அனுப்பினார்?

தொழிலாளி 48 மணி நேரத்துக்குமேல் வேலைக்கு வர முடியாதபடி தளத்தில் காயம்பட்டால் அதை அரசுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தளங்களின் பாதுகாப்பைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அங்கே ஒரு புகார் போகட்டும். விபத்தை மறைத்தது நீங்கள் அல்ல, மறைக்கச் சொன்னவர்கள் என்பது அப்போது ஆவணத்தில் ஏறும்.

யார் கொடுக்க வேண்டும்?

மேஸ்திரியின் ஆள் என்று ஒப்பந்தக்காரர் கை கழுவுவது பழைய தந்திரம். கட்டடம் கட்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அந்த வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்து, அவர் மேஸ்திரிக்குக் கொடுத்திருந்தாலும், தொழிலாளி நேராக நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்த பணத்தை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது நிறுவனத்தின் பாடு. எனவே மனுவில் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பாவம், அந்த மேஸ்திரியிடம் 16 லட்சம் எங்கே இருக்கப்போகிறது?

செருப்பு விஷயம்: கவனக்குறைவு என்ற ஒன்றைச் சொல்லி முதலாளி இந்தச் சட்டத்தில் தப்ப முடியாது. வெளிப்படையாகப் போட்ட பாதுகாப்பு விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினார் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். பூட்ஸ் கொடுத்தாரா? கொடுத்ததற்கு அப்பாவின் கையெழுத்து இருக்கிறதா? செருப்போடு வந்தவரை என்றைக்காவது திருப்பி அனுப்பினாரா? எதுவும் இல்லை என்றால் அந்த வாதம் நிற்காது. தவிர, புரண்டது பலகை. செருப்பு அல்ல.

மனுவைத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் பகுதிக்கு உரிய அலுவலகத்திலேயே கொடுக்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள், தளம் முடிந்துவிட்டால் சாட்சிகள் ஊர் ஊராகக் கலைந்துவிடுவார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100.

பாட்டில் எதைத் தடுக்கும்?

உங்கள் அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் என் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. நானும் ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தொப்பிகளை மூட்டையாக வாங்கி, கம்பி முனைகளில் மாட்டச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததென்று டீ குடிக்கப் போனவன்தான். தொப்பிகள் மாட்டிய தளம் படத்தில் அழகாக இருக்கும். தணிக்கைக்கு வருபவரும் தலையாட்டுவார்.

கம்பி 16 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனைப் பரப்பு இரண்டு சதுர சென்டிமீட்டர். அறுபத்தைந்து கிலோ மனிதர் விழும்போது முழு வேகமும் அந்த இரண்டு சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. தண்ணீர் பாட்டிலையும் சின்னப் பிளாஸ்டிக் தொப்பியையும் கிழித்துக்கொண்டு கம்பி உள்ளே போய்விடும். சில சமயம் பிளாஸ்டிக் துண்டும் காயத்துக்குள் போகும். நடந்துபோகும்போது கை கிழிபடாமல், கண்ணில் படும்படி இருக்க அவை உதவும். அந்த அளவுக்கு அவை வேண்டும்தான். விழுபவரைத் தாங்க வேண்டுமென்றால் விசையைப் பரப்ப வேண்டும். அமெரிக்காவில், ஆள் விழக்கூடிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எதுவும் உடலில் பாய முடியாதபடி காக்கப்பட வேண்டும் என்பது பணியிடப் பாதுகாப்பு விதி. கலிபோர்னியா மாநிலம் மூடிக்கே சோதனை வைத்திருக்கிறது: மேற்பரப்பு நான்கு அங்குலச் சதுரமாவது இருக்க வேண்டும், 113 கிலோ எடையைப் பத்தடி உயரத்திலிருந்து போட்டாலும் கம்பி துளைத்து வரக்கூடாது. நான்கு அங்குலச் சதுரம் என்றால் நூறு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கம்பி முனையைப் போல ஐம்பது மடங்கு. விழுந்தால் எலும்பு முறியலாம், ஆனால் கம்பி உள்ளே போகாது. அதற்காகத் தகடு வைத்த மூடிகள் தனியாக உண்டு.

நம் தளத்தில் அந்த மூடி கிடைக்காது என்பார்கள். வேண்டாம். சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய பலகைகள் போதும். மூன்று பலகையைக் கவிழ்த்த தொட்டிபோல் ஆணியடித்து, வரிசையாக நிற்கும் கம்பிகளின்மேல் குப்புறப் போட்டுக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிடலாம். தனித் தூணாக இருந்தால் பெட்டி மாதிரி அடித்து மூடலாம். கம்பி முனையை வளைத்துவிடுவதும் உண்டு. ஆனால் முறுக்குக் கம்பியை வளைத்து மறுபடி நிமிர்த்தினால் அதன் வலிமை கெடும். கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே செய்ய வேண்டும். மேஸ்திரி தன்னிஷ்டத்துக்குச் செய்யக் கூடாது.

இதையெல்லாம் விட முதலில் வரவேண்டியது அந்தப் பலகை. கம்பி அப்பாவை நோக்கி வரவில்லை. அப்பாதான் கம்பிமேல் விழுந்தார். டிரம் மேல் போட்ட ஒற்றைப் பலகைக்குப் பதிலாக, நகராத சாரமும் கைப்பிடி அடித்த மேடையும் இருந்திருந்தால் பாட்டிலுக்கே வேலை இல்லை. ஐந்தடிதானே என்ற நினைப்புதான் மேடையைத் தவிர்க்க வைத்தது. ஐந்தடி உயரம் மண்ணின்மேல் இருந்தால் ஒன்று, கம்பியின்மேல் இருந்தால் வேறொன்று. வளையத்தை மிதித்துத் தூணின் கம்பிக் கூட்டில் ஏறும் பழக்கமும் அப்படித்தான். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அந்தக் கூட்டை நாலாபுறமும் இழுத்துக் கட்டாவிட்டால் ஆளோடு சேர்ந்து சாயும். கூரைத் தளத்தில் கம்பி வலையின்மேல் நடக்க நடைபலகை போடச் சொல்லுங்கள்; வலையில் கால் சிக்கி விழுபவர்கள் நிறையப் பேர்.

கூட வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: உடம்பில் ஏறிய கம்பியை உருவக் கூடாது. அறுபட்ட ரத்தக் குழாயை அந்தக் கம்பியே அடைத்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் ரத்தம் பீறிடும். ஆளை அசையாமல் தாங்கிக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். கம்பி தரையோடு இருந்தால், தீயணைப்புத் துறையினர் வந்து உடம்புக்கு வெளியே அதை வெட்டி, குத்தியது குத்தியபடியே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இதை அந்தத் தளத்தில் எல்லோருக்கும் அம்மா சொல்லட்டும்.

அம்மாவின் கால்

"கலவை வேலை என்றால் புண் வரும்தான், தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகும்" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இது புண் மட்டும் அல்ல, தீக்காயம். ஈரச் சிமென்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12-க்கு மேல். அமிலம் பட்டால் உடனே எரியும். காரம் அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. பட்டபோது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து, மாலையில் காலைக் கழுவும்போதுதான் தோல் உரிந்திருப்பது தெரியும். கான்கிரீட் ஊற்றும் நாளில் கலவை செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே புகுந்துகொண்டு மணிக்கணக்கில் வேலை செய்கிறது. எண்ணெய் அந்தக் காரத்தை நீக்காது. தோய்ந்த துணியையும் செருப்பையும் உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தாலும் அப்படியே, பிறகு நேராக மருத்துவமனை.

அம்மாவின் கைவிரல்களில் அரிப்பும் வெடிப்பும் விடுமுறையில் ஆறி, வேலைக்குப் போனதும் திரும்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது சிமென்டில் உள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் விட்டுப்போவதில்லை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்டில் அந்த வகைக் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியது. தோல் மருத்துவரிடம் காட்டி, தொழில் என்ன என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கலவை நாளில் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் ரப்பர் கையுறையும் தளத்தில்தான் கொடுக்க வேண்டும், இலவசமாக. கூலியில் பிடிக்கக் கூடாது. துணிக் கையுறை கலவையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைவிட வெறுங்கையே மேல்.

அப்பா தைக்குப் போகலாமா?

கூடாது. கோபித்துக்கொள்வார், தெரியும். முதலில் நரம்பு அறுவை நிபுணரிடம் போகட்டும். நரம்புக் காயத்தில் காலம் முக்கியம், ஏற்கெனவே மாதங்கள் போய்விட்டன. பாதம் தொங்காமல் தாங்கும் பட்டையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். இரண்டாவது, ஊனத்தை மதிப்பிடுவதற்குமுன் அவர் மறுபடி தூணில் ஏறினால், "பார்த்தீர்களா, பழையபடி வேலை செய்கிறார்" என்று எதிர்தரப்பு படம் எடுத்து வைக்கும். மூன்றாவது காரணத்தை உங்கள் அம்மாவே படமெடுத்து அனுப்பிவிட்டார்: அதே பலகை அங்கே இன்னும் கிடக்கிறது, டிரம்மின்மேல்.

இருவரும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று எழுதவில்லை. பதியவில்லை என்றால் இந்த வாரமே பதியுங்கள். பதிந்து, ஐந்து ஆண்டு கடந்து புதுப்பிக்காமல் விட்டிருந்தால் புதுப்பியுங்கள். வாரியத்தின் உதவி இழப்பீட்டுக்கு மாற்று அல்ல, அது வேறு இது வேறு.

அம்மா அந்தத் தளத்தில் இன்னும் சில நாள் இருக்கப்போகிறார் என்றால் ஒரு வேலை: இன்னொரு படம் எடுக்கட்டும். தேதி தெரிய வேண்டும். பாட்டில் கவிழ்த்த கம்பிகளும் டிரம்மின்மேல் கிடக்கும் அந்தப் பலகையும் ஒரே படத்தில் வரவேண்டும்.